பன்னிரண்டு சொல்லுக்குள்

ஜூன் 3, சனி

‘டி’ (D) எழுத்துக்கான அட்டைக்கட்டு வந்து சேர்ந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். ஜூலை பதினைந்துக்குள் முடித்துத் தரவேண்டுமாம். கல்லூரியில் முப்பத்தொரு வருஷம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நிம்மதியாகக் காலை நீட்டலாம் என்று பார்த்தால், இந்த ஆங்கிலம்–தமிழ் அகராதி என்னை விடுவதாக இல்லை. நானும் அதை விடுவதாக இல்லை என்பது வேறு விஷயம்.

ஓர் அட்டைக்கு ஒரு பொருள். மேலே ஆங்கிலச் சொல், நடுவில் தமிழ்ப் பொருள், கீழே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். எடுத்துக்காட்டு பன்னிரண்டு சொல்லைத் தாண்டக் கூடாது. இதற்குப் பெயர் ஒரு பதிவு. உதவாத பதிவு என்றால் குறுக்கே சிவப்பு மையில் ‘நீக்குக’ என்று எழுதுவேன். எங்கள் குழுவில் ஆறு பேர். மதுரையில் என் சிவப்புப் பேனாவுக்குப் பயப்படாத உதவியாசிரியர் கிடையாது.

கடைசியாக ஒரு சோதனை உண்டு. ஆங்கிலச் சொல்லை மறைத்துவிட்டுத் தமிழ்ப் பொருளை மட்டும் வெளியாள் ஒருவரிடம் காட்டுவோம். என்ன சொல்ல வருகிறோம் என்று அவர் கண்டுபிடித்தால் பதிவு தேறிற்று. தன் பன்னிரண்டு வயதிலிருந்து எனக்கு அந்த வெளியாள் ஆரூரன்தான். என் மகன். இப்போது இருபத்தைந்து.

அவன் மாடி அறையில்தான் இருக்கிறான். ஓய்வெடுக்கிறான். இன்றோடு எழுபத்தொரு நாள்.

ஜூன் 5, திங்கள்

இன்று ‘டென்’ (den) என்ற சொல்லோடு மல்லுக்கட்டினேன். நான்கெழுத்துகூட இல்லாத சொல், மூன்று பொருள்.

முதல் பொருள், விலங்கு பதுங்கும் இடம். ஆங்கிலக்காரனுக்கு ஒரே சொல் போதும். நமக்குப் போதுமா? எலிக்கும் நண்டுக்கும் வளை, பாம்புக்குப் புற்று, கிளிக்குப் பொந்து, புலிக்குக் குகை. யார் உள்ளே இருக்கிறார் என்று தெரியாமல் இடத்துக்குப் பெயர் வைக்க நம்மால் முடியாது. மத்தியானம் வரை இதிலேயே போயிற்று.

என் மனைவி செண்பகம் ஒன்பதரைக்குத் தபால் ஆபீஸ் வேலைக்குக் கிளம்பும் முன் ஆரூரனின் சாப்பாட்டைக் கூடையில் வைத்து மாடிக் கதவருகே வைத்துவிட்டுப் போனாள். அந்த அறையிலேயே குளியலறையும் உண்டு. அவன் கீழே வரவேண்டிய அவசியமே இல்லாமல் வசதியாகக் கட்டிக்கொடுத்தது நான்தான்.

பால்காரர் கேட்டார், தம்பி ஊரில் இல்லையா என்று. பரீட்சைக்குப் படிக்கிறான் என்றேன்.

ஜூன் 6, செவ்வாய்

தண்ணீர் லாரி வரவில்லை. முழங்கால் வலி.

ஜூன் 9, வெள்ளி

தலைமைப் பதிப்பாசிரியர் ரோஸலின் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். ‘டென்’னின் மூன்றாவது பொருள்தான் தகராறு. வீட்டுக்குள் ஒருவர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் சின்ன அறை. யாரும் தொந்தரவு செய்யாமல் படிக்க, சும்மா கிடக்க.

“பரமகுரு சார், சொல்லு கேட்டா நீங்க விளக்கவுரை அனுப்புறீங்க.”

“சொல் இருந்தால்தானே அனுப்ப? பதினோரு பேர் மூன்று அறையில் படுத்த வீட்டில் வளர்ந்தவன் நான். ஒருத்தனுக்கு ஓர் அறை என்றால் அவனுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம்.”

“எலி வளையானாலும் தனி வளை வேணும்னு சொல்றதில்லையா சார்?”

“அது பெண்டாட்டியோடு தனிக்குடித்தனம் போகிறவன் சொல்வது.”

சிரித்துவிட்டு வைத்தார். வைக்கும் முன், “ஆரூரன் எப்படி இருக்கான்?” என்றார். நன்றாக இருக்கிறான் என்றேன். “சார்...” என்று இழுத்தவர், ஜூலை பதினைந்து கெடுவை நினைவுபடுத்தினார்.

அவன் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும்போது அந்த மாடி அறையைக் கட்டினேன். எனக்குக் கிடைக்காதது அவனுக்குக் கிடைக்கட்டும் என்றுதான். மேசை, அலமாரி, பிறகு ஏ.சி. எந்தக் குறையும் வைக்கவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

செண்பகத்தின் தம்பி மாசிலாமணி திருமங்கலத்திலிருந்து வந்தான். வந்ததும் வராததுமாக மாடிக்கு ஏறிக் கதவைத் தட்டு தட்டென்று தட்டினான். கதவு திறக்கவில்லை என்றதும் இறங்கி வந்து என் எதிரே உட்கார்ந்தான்.

“அத்தான், இன்னும் எம்புட்டு நாளைக்கு இப்பிடியே வேடிக்கை பாப்பீங்க? எனக்குத் தெரிஞ்ச ஆசாரி இருக்காரு. கூட்டியாந்து கதவைப் பேத்துருவோம்.”

“கதவைப் பேத்தா கதவுதான்டா வெளிய வரும். புள்ள வருவானா?” என்றாள் செண்பகம்.

“அப்ப என்னதான்க்கா செய்யச் சொல்ற? ஓசூர்ல நல்ல வேலை. திடுதிப்புன்னு விட்டுட்டு வந்து மூணு மாசமா உள்ள உக்காந்திருக்கான். அத்தான், அவன் வந்த அன்னைக்கு என்னதான் நடந்துச்சு?”

“ஒன்றும் நடக்கவில்லை. வந்தான், மேலே போனான்” என்றேன்.

செண்பகம் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் அலுவலகத்தில் இருந்தாள், அவளுக்கு எதுவும் தெரியாது. ஏதோ ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். எந்த அப்பன் சொல்லவில்லை?

மாசிலாமணி இருபத்தெட்டாம் தேதி வரை கெடு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதற்குள் பையன் வெளியே வராவிட்டால் ஆசாரியோடு வருவானாம்.

ஜூன் 14, புதன்

இன்று ஒன்று செய்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. சோதனைக்கு ஆள் இல்லாமல் அட்டைகள் குவிந்து கிடக்கின்றன என்பது ஒரு காரணம். ‘டென்’னின் முதல் பொருளை ஒரு தனி அட்டையில், ஆங்கிலச் சொல் இல்லாமல் எழுதினேன்: ‘விலங்கு தங்கும் மறைவிடம்.’ அதை மதியச் சாப்பாட்டுக் கூடையில், தயிர் டப்பாவின் அடியில் வைத்து மேலே வைத்துவிட்டு வந்தேன்.

நாலரைக்குப் போய்க் கூடையை எடுத்தேன். அட்டையின் ஓரத்தில் பென்சிலால் ‘கூண்டா?’ என்று எழுதியிருந்தது.

எண்பத்திரண்டு நாளுக்குப் பிறகு அவன் கையெழுத்து. மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பதிவு தேறவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

செண்பகம் வந்ததும் காட்டினேன். அட்டையை வாங்கி அந்த ஒரு சொல்லைத் தடவிப் பார்த்தாள். “பொடிசா எழுதியிருக்கான்” என்றாள். பிறகு உலை வைக்கப் போய்விட்டாள். அரிசி களையும் சத்தம் வெகு நேரம் கேட்டது.

ஜூன் 15, வியாழன்

‘விலங்கு தானே தேடிக்கொண்ட மறைவிடம்’ என்று திருத்தி அனுப்பினேன். ‘குகை, வளை. தேறிற்று’ என்று வந்தது. சரியான பயல். அந்த ‘தானே தேடிக்கொண்ட’ இல்லாவிட்டால் கூண்டுக்கும் குகைக்கும் வித்தியாசம் இல்லைதான். இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஜூன் 17, சனி

இரண்டாவது பொருள், திருடர்கள் கூடிப் பதுங்கும் இடம். முதல் தடவையிலேயே தேறிற்று. பக்கத்தில் சின்னதாக, ‘பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது’ என்று குறிப்பு. செண்பகம் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை. அப்போதே பருப்பை வறுக்க உட்கார்ந்துவிட்டாள். வீடெல்லாம் மிளகாய் நெடி, எனக்கு ஒரே தும்மல். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை நான்.

ஜூன் 20, செவ்வாய்

தினமும் நாலைந்து அட்டை போகிறது, வருகிறது. சாப்பாட்டுத் தட்டு காலியாக வருகிறது. மாசிலாமணியிடம் ஆசாரி தேவைப்படமாட்டார் என்று சொல்லிவிட்டேன். வரத்தான் போகிறேன் என்கிறான், பிடிவாதக்காரன்.

சிலிண்டர் பதிவு செய்தாயிற்று.

ஜூன் 22, வியாழன்

மூன்றாவது பொருளை இன்று அனுப்பினேன். ‘வீட்டில் ஒருவர் தனித்திருக்கவென்று வைத்துக்கொள்ளும் சிறிய அறை.’ எடுத்துக்காட்டு எனக்கு அமையவே இல்லை. ஆகவே ‘எடுத்துக்காட்டு:’ என்று போட்டு இடத்தைக் காலியாக விட்டேன். அவனே எழுதட்டுமே.

ஜூன் 23, வெள்ளி

அட்டை வந்தது. முன்பக்கம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருக்கிறான். பதிவுக்காக இங்கே அப்படியே எடுத்தெழுதுகிறேன்:

‘அவன் பையோடு வந்து நின்றபோது அப்பா ஐந்து பேரோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டுவிட்டேன் என்றான். “இந்தப் பதிவை நீக்கிவிடலாம்” என்று அப்பா அவர்களிடம் சொன்னார். ஐந்து பேரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அந்த அறையில் யாரும் சிரிப்பதில்லை.’

முப்பத்து மூன்று சொற்கள். பன்னிரண்டுதான் வரம்பு என்பது அவனுக்குத் தெரியாததா? மேலும் பொருளை விளக்காமல் கதை சொல்லப் போய்விட்டது. சிவப்பில், ‘நீளம். பன்னிரண்டு சொல்லுக்குள் சுருக்குக. கதை வேண்டாம், பயன்பாடு போதும்’ என்று குறித்து இரவுச் சாப்பாட்டோடு மேலே அனுப்பினேன். எல்லா உதவியாசிரியர்களுக்கும் எழுதுகிற வழக்கமான குறிப்புதான்.

முழங்காலுக்குப் புது எண்ணெய் நன்றாகக் கேட்கிறது.

ஜூன் 24, சனி

கூடை எடுத்துப் போனபடியே திரும்பி வந்தது. காலை, மதியம் இரண்டும்.

ஜூன் 25, ஞாயிறு

இன்றும் அப்படியே. மேலே குழாய்ச் சத்தம் ஒருமுறை கேட்டது.

செண்பகம் கதவருகே உட்கார்ந்து, “ஆரூ, ஒரு வாய் கஞ்சியாவது குடிச்சிக்கய்யா” என்று பாதிப் பொழுது கெஞ்சினாள்.

ஜூன் 26, திங்கள்

செண்பகம் விடுப்பு எடுத்துவிட்டாள். காலையில் என் மேசைக்கு எதிரே வந்து நின்றாள்.

“வெள்ளிக்கிழம கூடையில என்ன வச்சு அனுப்புனீங்க?”

“அட்டை.”

“என்ன அட்டை?”

சொல்வதற்குப் பதிலாக இந்த நாட்குறிப்பையே விரித்து வெள்ளிக்கிழமைப் பக்கத்தைக் காட்டினேன். அவள் நின்றபடியே படித்தாள். அவன் எழுதியதைப் படித்தாள். அதன் கீழே நான் எழுதியதையும் படித்தாள். திரும்ப மேலே போய் முதலிலிருந்து படித்தாள்.

“இப்பிடிச் சொன்னீங்களா அவன? அஞ்சு பேரு முன்னாடி?”

“அது விளையாட்டுக்கு—”

“சரி, அது விளையாட்டு. இது என்ன? மூணு மாசமா வாயத் தொறக்காத புள்ள மனசத் தொறந்து எழுதியிருக்கான். அதுல போயி சொல்ல எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தீங்களா? நீங்க மனுசனா, இல்ல மை புட்டியா?”

நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

“ஏன்டா வேலைய விட்டேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா அன்னைக்கு?”

“நீ கேட்டாயா?”

“கேட்டேன். தெனமும் கேக்குறேன், அந்தக் கதவுகிட்ட நின்னு. எங்கிட்டச் சொல்ல மாட்டேங்குறான். ஒங்ககிட்டச் சொல்ல வந்தான். தெருவுல போற நாயக்கூட விரட்டிட்டு ஒரு தடவ திரும்பிப் பாப்பாங்க. நீங்க சிவப்பு மையில குறிப்பு எழுதி அனுப்பியிருக்கீங்க!”

அவள் போன பிறகு அந்த முப்பத்து மூன்று சொற்களை மறுபடி படித்தேன். வெள்ளிக்கிழமையும் இதே கண்ணால்தான் படித்தேன். ‘அவனும் சிரித்தான்’ என்ற இரண்டு சொல் அன்றைக்கு ஏன் என் கண்ணில் படவில்லை? உண்மையில் அவன் சிரித்தான். எனக்கு ஞாபகம் இருக்கிறது. தோளில் பையை வைத்துக்கொண்டு, யாரோ அடிக்கக் கை ஓங்கினால் முகம் போகுமே, அப்படிச் சிரித்தான். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் காப்பியைக் குடித்தேன்.

என் வாயில் கொள்ளியை வைக்க.

ஜூன் 27, செவ்வாய்

சாப்பாடு இன்றும் திரும்பியது. உள்ளே இருமல் கேட்டது. உயிரோடு இருக்கிறான் என்று இருமலை வைத்துத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு வந்துவிட்டோம்.

அகராதி அச்சான பிறகு பிழை கண்டுபிடித்தால் அதை மறைப்பது எங்கள் வழக்கம் இல்லை. பிழைத்திருத்தம் என்று ஒரு தாள் அடித்து, யார் யார் கையில் அந்தப் பிரதி போயிற்றோ அத்தனை பேருக்கும் அனுப்புவோம். எதைப் பிழையாகச் சொன்னோம், எது சரி, பிழை யாருடையது. மூன்றும் இருக்கவேண்டும்.

காலையில் உட்கார்ந்து எழுதினேன். நீல மையில்.

‘மார்ச் 24 அன்று என் வீட்டில் உங்கள் ஐவர் முன்னிலையில் என் மகன் ஆரூரனைப் பற்றி, “இந்தப் பதிவை நீக்கிவிடலாம்” என்று சொன்னேன். அது பிழை. “வா, உட்கார், என்ன ஆயிற்று?” என்று இருக்கவேண்டும். பிழை முழுவதும் என்னுடையது. சொ. பரமகுருநாதன்.’

எங்கள் குழுவின் மற்ற ஐந்து பேருக்கும் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் வாசித்தேன். அறுபத்திரண்டு வயதில் உடம்பெல்லாம் கூசிற்று. ஒருவர், “அட, அது தமாசுதானே சார்” என்றார். ஒருவருக்கு நினைவே இல்லை. இருவர் சரி, சரி என்று சீக்கிரம் வைத்துவிட்டார்கள்.

கடைசியாக ரோஸலின். முழுவதும் கேட்டார். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“நானும் சிரிச்சேன் சார். வீட்டுக்குப் போயி ரெண்டு நாள் தூங்கல. ஆனா ஒங்ககிட்டக் கேக்கப் பயம். அதையும் சேத்துப் போடுங்க. பிழை உங்களோடது மட்டும் இல்ல.”

அவர் பெயரையும் சேர்த்து எழுதினேன். தாளை மடிக்காமல் கதவின் அடியில் தள்ளினேன். கூடையில் வைக்கவில்லை, கூடையைத்தான் அவன் தொடுவதில்லையே. தாளின் பாதி இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. நான் படி இறங்கித் திரும்பிப் பார்த்தபோதும் அப்படியே இருந்தது.

சாயங்காலம் செண்பகம் போய்ப் பார்த்தாள். தாளைக் காணவில்லை என்றாள்.

ஜூன் 29, வியாழன்

நேற்று எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

நேற்றுக் காலை பத்தரைக்கு மாசிலாமணி சொன்னபடியே வந்துவிட்டான். கூடவே ஆசாரி, கையில் உளிப்பை. இருவரும் மாடிப்படி ஏறினார்கள். நான் முன்னால் போய்க் கதவை முதுகால் அடைத்தபடி தரையில் உட்கார்ந்துகொண்டேன். முழங்கால் உயிர் போயிற்று.

“அத்தான், எந்திரிங்க. நாலு நாளா பட்டினி கெடக்குறான். உள்ள ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?”

“கதவைத் தொட்டால் முதலில் என்னைப் பேர்க்க வேண்டியிருக்கும். கீழே போ, மாசிலா. உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன்.”

என் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை அவன் கேட்டதில்லை. ஒன்றும் புரியாமல் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு இறங்கினான்.

கதவுக்கு முதுகைக் காட்டியபடியே பேசினேன்.

“ஆரூரா. கதவைத் திற என்று கேட்க வரவில்லை. மார்ச் மாதம் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்கிறேன். ஏன்டா விட்டாய் அந்த வேலையை? என்ன நடந்தது உனக்கு?”

கீழே பாத்திரம் வைக்கும் சத்தம்கூட இல்லை. செண்பகமும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. எவ்வளவு நேரம் போயிற்றோ. பிறகு கதவின் மறுபக்கம், என் முதுகுக்கு நேர் பின்னால், யாரோ சரிந்து உட்காரும் சத்தம் கேட்டது.

“அப்பா.”

“சொல்லுடா.”

“சொன்னா திருத்துவீங்களா?”

“மாட்டேன்.”

“இது நீளம்ப்பா.”

“எவ்வளவு நீளமோ அவ்வளவும் சொல்.”

பதினொன்றுக்குத் தொடங்கினான். கீழே கடிகாரம் பன்னிரண்டு அடித்தது, ஒன்றும் அடித்தது. ஓசூரில் அந்தக் கம்பெனியில் அவனுக்கு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். இடையில் ஒரு தடவை பேச முடியாமல் நிறுத்தினான். மூன்று இடத்தில் நான் வாயைத் திறக்கப் போனேன். மூன்று தடவையும் தோள் துண்டின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டேன். அவன் சொன்னது எதையும் இங்கே எழுதப்போவதில்லை. அது அவனுடையது. இவ்வளவையும் சுமந்துகொண்டு ஓசூரிலிருந்து பேருந்தில் வந்தவனைத்தான் நான் அன்றைக்கு வாசலில் நிற்கவைத்துச் சிரிக்கவைத்தேன். இதை எழுதவேண்டியது என் கடமை.

சொல்லி முடித்துவிட்டு, “அவ்வளவுதான்ப்பா” என்றான்.

“உன் மேல் ஒரு தப்பும் இல்லை, ஆரூரா” என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை, தாழ்ப்பாள் மட்டும்தான். நான் உடனே எழுந்து, படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன். ஒருவன் கிட்டத்தட்ட நூறு நாள் கழித்து வெளியே வரும்போது எதிரே நின்று பார்த்துக்கொண்டிருப்பது நன்றாக இராது.

கூடத்தில் மாசிலாமணியும் ஆசாரியும் மாடிப்படியையே பார்த்தபடி நின்றார்கள். செண்பகம் அடுப்படியிலிருந்து வந்து மெதுவாகச் சொன்னாள்.

“எல்லாரும் அங்கிட்டுத் திரும்பி உக்காருங்க. யாரும் அவனப் பாக்கக் கூடாது. ஆசாரி, நீங்களுந்தான்.”

மூன்று ஆம்பளைகளும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தோம். ஆசாரி பாவம், உளிப்பையை மடியில் வைத்துக்கொண்டு காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

படியில் காலடி. ஒவ்வொரு படியாக, நின்று நின்று. நாற்காலி இழுபட்டது. “அம்மா, சோறு இருக்கா?” என்ற குரல் ரொம்ப மெலிந்திருந்தது. “இருக்குய்யா, குழைய வடிச்சிருக்கேன், மெல்லச் சாப்பிடு” என்றாள். தட்டு வைக்கும் சத்தம், ரசம் ஊற்றும் சத்தம். அவன் முதல் வாய் விழுங்குவது எனக்குக் கேட்டது.

என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிற்று. துடைக்கக் கையைத் தூக்கினால் அவனுக்குத் தெரிந்துவிடும் என்று, அது பாட்டுக்கு வழியட்டும் என்று சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.